சந்தைக்குப் போன ஞாயிறு ஆராதனை

அத்தியாயம் 17

பதினேழு நாளாக அந்த நீலப் பேசின் நனையவில்லை.

சமையலறை வாசலோரம், கவிழ்த்து வைத்த இடத்தில், யாரோ கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அடுப்பைப் பற்றவைத்த மருமகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

வாராவாரம் இந்த வீட்டுக்குள் வந்து போகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இன்றைக்குத்தான் முதல் தடவை படியேறுகிறவர்களுக்காக நாலு வரி.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமனார் சபையின் போதகர். கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அவளுக்கு விடுமுறை வியாழக்கிழமை. ஒரு வருஷமாக வியாழன்தோறும் காலை ஆறு மணிக்கு, இரண்டு பேசினும் ஒரு பையுமாக மொத்தக் காய்கறிச் சந்தைக்குப் போய்விடுவாள். மூட்டை தூக்குகிறவர்களின் கால்களைக் கழுவி, நகம் வெட்டி, வெடிப்புக்கு மருந்து தடவி, ஆணி குத்திய இடத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருவாள். பிரசங்கம் கிடையாது, துண்டுப்பிரசுரம் கிடையாது. ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களிடம், எங்கள் ஆண்டவர் தம் சீடர்களின் கால்களைக் கழுவினார், அதனால்தான் என்பதோடு நிறுத்திக்கொள்வாள். சபையில் இதற்கு 'மருமகளோட வியாழக்கிழமை' என்று பெயர். பெயர் வைத்தார்களே தவிர, கூட ஒருவர் வந்ததில்லை.

அந்தச் சந்தையில் நூறு கிலோ மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுகிற ஒருவர் உண்டு. அதனால் அவர் பெயரே நூறு என்று ஆகிவிட்டது. அவருடைய இடது கட்டைவிரலுக்கு அடியில் சர்க்கரைப் புண். மரத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க, தூண்டில் நரம்பின் நுனியால் பாதத்தைத் தொட்டுத்தொட்டு, தெரிகிறதா அண்ணா என்று அவள் கேட்டபோது, மூன்று இடத்தில் அவருக்குத் தெரியவில்லை. கிழங்கு மண்டி முதலாளிக்கு விஷயம் போனால் மூட்டையைத் தொட விடமாட்டார், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவளும் தலையாட்டினாள்.

தலையாட்டியவள், அன்றைய குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு அவருக்காக வாய்விட்டு ஜெபித்தாள். நாம் கண்ணை மூடிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர்கள் இல்லாமல் போய்விடுவார்களா? பக்கத்தில் முழங்காலிட்டிருந்த மாமியார்தான், சபையின் ஜெபக்குறிப்புகளை முத்து முத்தாக எழுதித் தொகுக்கிறவர். மூன்றே நாளில் ஞாயிறு வந்தது. மாமனார் அந்தத் தாளை மைக்கில் வாசித்தார். சந்தையில் மூட்டை தூக்கும் சகோதரர், இடது காலில் சர்க்கரைப் புண், முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறார், அவருக்காக ஜெபிப்போம். சபையே உருகி ஜெபித்தது. மூன்றாவது வரிசையில் இருந்த சபை மூப்பர் மற்றவர்களைவிட ஒரு சுற்று கூடவே உருகினார். அந்த முதலாளியே அவர்தான். மறுநாள் காலை நூறைக் கூப்பிட்டு, பாவம் நீ ஓய்வெடு என்று அன்பொழுகச் சொல்லி, அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வியாழக்கிழமைகள் அவள் சந்தையில் பேசினோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கால்கூட வரவில்லை.

வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. மாமனாரின் மௌனம் பழகியதுதான். மேடையை விட்டு இறங்கினால் ஒரு நாளைக்கு அவர் பேசுவது பத்து வார்த்தை தேறாது. மாமியாரின் மௌனம்தான் புதிது. அது வீட்டுக்குள் ஒரு நாற்காலியைப் போலக் கிடந்தது. எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

இன்றைக்கு மருமகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கூடத்தில் மாமியார் வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆராதனைக்கு வந்துவிடுகிறேன் அத்தை என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு மருமகள் இறங்கினாள்.

சந்தைக்கு ஞாயிறுதான் பெரிய நாள். திங்கட்கிழமைக் கடைகளுக்கான சரக்கெல்லாம் அன்று காலையில்தான் வந்து இறங்கும். பதினோரு மணியோடு எல்லாம் முடிந்துவிடும். அதற்குமேல் போனால் வாடிய முட்டைக்கோஸ் இலைகளைத்தான் பார்க்கலாம்.

நூறு இப்போது கிழங்கு மண்டியில் இல்லை. கடைசி வரிசையில், வேறொருவரின் வெங்காய லாரியில் தினக்கூலிக்கு நின்றிருந்தார். இடது காலைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டுச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். புண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்கு வாடை வந்துவிட்டது. அத்தனை வெங்காயத்துக்கு நடுவிலும் வந்தது. நர்ஸின் மூக்கு இந்த ஒரு வாடையில் மட்டும் ஏமாறாது.

"அண்ணா, காலைக் காட்டுங்க."

"கால் இருக்கு சிஸ்டர். நடக்குதுல்ல, அப்போ இருக்குன்னுதானே அர்த்தம்."

லாரிக்கு மேலே நின்ற ரேடியோவுக்கு இது போதும். ஓயாமல் பேசுவதால் வந்த பெயர் அது. அவர் கீழே குனிந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"சிஸ்டர், எனக்கு ரொம்ப நாளா மூலம். அதையும் இந்த வாரம் மைக்ல படிச்சிருங்க. ஆளுக்கு ஒரு ஆமென் போட்டா சட்டுனு ஆறிடும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வருஷம் அவள் கையில் கால் கொடுத்தவர்கள்தான் அத்தனை பேரும். அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். தப்பு என் மேல்தான், வீட்டில் வாயைத் திறந்தது நான்தான் என்று சொன்னாள்.

நூறு முதுகிலிருந்த மூட்டையை இறக்கினார். இறக்கிய பிறகும் அதன்மேல் இருந்து கையை எடுக்கவில்லை.

"உங்க சாமிகிட்ட சொன்னதுல எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். அவர் யார்கிட்டயும் போய்ச் சொல்லமாட்டார். உங்க சபைகிட்ட ஏன் சொன்னீங்க?"

இத்தனை வருஷம் கேட்ட பிரசங்கங்களில் ஒன்றிலும் இந்தக் கேள்வி இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

அவரே தொடர்ந்தார். நீங்கள் வீட்டுக்குள் சொன்னீர்கள், அது போகட்டும், ஊருக்குச் சொன்னவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் வந்து என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும், அப்புறம் காலை நீட்டுகிறேன் என்றார். எப்போது வரச்சொல்லட்டும் என்று அவள் கேட்டாள்.

"லாரி பதினோரு மணிக்குக் கிளம்புது. நானும் அதுலயே போறேன். லாரி போற ஊர்ல, சிமெண்ட் குடோன்ல வேலை சொல்லியிருக்காங்க. அந்த ஊர்ல என் காலைப் பத்தி யாருக்கும் தெரியாது."

ஆராதனை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினோரு மணிக்கு முடியும். திரும்பி நடக்கும்போது அவள் மனசுக்குள் நாட்கள்தான் ஓடின. சிமெண்ட் தூசியில் ஒரு வாரம் போனால் விரல். இன்னும் பத்து நாள் போனால் பாதம். அப்புறம் அந்த மனிதருக்கு நூறு என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

*

சபைக் கோயிலை ஒட்டிய சின்ன அறையில் மாமனார் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வாடையைச் சொன்னாள், பிளாஸ்டிக் பையைச் சொன்னாள். உங்க சபைகிட்ட ஏன் சொன்னீங்க என்று நூறு கேட்டதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

மாமனாரின் விரல்கள் கழுத்துப் பொத்தானிலேயே நின்றுவிட்டன. வெளியே செருப்புகள் கழற்றப்படும் சத்தம், பெஞ்சுகள் இழுபடும் சத்தம். அவர் தனியாக எங்கோ நடந்து போய்க்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"லாரி எத்தனை மணிக்குன்னு சொன்னே?"

"பதினொண்ணு மாமா."

மணி அடித்தது. அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொண்டு அவள் கடைசி பெஞ்சில், பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தாள்.

மாமியார் கீபோர்டு வாசிக்க, முதல் பாட்டு முடிந்தது. ஜெபக்குறிப்பு வாசிக்கும் நேரம். மாமனார் தாளைப் பிரித்தார். மைக்கை நெருங்கினார். வாசிக்கவில்லை. தாளை மறுபடியும் மடித்தார். இரண்டாக, நாலாக, எட்டாக. சபையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். யாரோ ஒருவர் மைக் வேலை செய்யவில்லை போல என்று எழுந்து வந்தார். மாமனார் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு ஒரு மனுஷனோட காலை உங்க எல்லாருக்கும் காட்டினேன். அவர் காட்டச் சொல்லல. நான் ஜெபம்னு நினைச்சேன். அது ஜெபம் இல்ல. அவர் இன்னும் கொஞ்ச நேரத்துல ஊரை விட்டுப் போறார். நான் போய் மன்னிப்புக் கேக்கப்போறேன். இப்போவே."

மூன்றாவது வரிசையில் மூப்பர் எழுந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. ஆராதனை முடிந்ததும் போகலாமே ஐயா, சந்தை எங்கே ஓடிவிடப்போகிறது என்று அடக்கமாகக் கேட்டார்.

"சந்தை ஓடாது. அவர் போயிடுவார்."

"அதுக்காக ஆராதனையை விட்டுட்டாங்க ஐயா போறது?"

"விட்டுட்டுப் போகல. எடுத்துக்கிட்டுப் போறோம். வர்றவங்க வாங்க."

யாரும் அசையவில்லை. எண்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மின்விசிறிக்குக்கூட வெட்கம் வந்துவிடும். மருமகள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தனியாகத்தான் போவார் என்று நினைத்தாள். தனியாகப் போனாலும் போதும் என்று நினைத்தாள்.

அப்போது கீபோர்டின் மூடி டப்பென்று விழுந்தது.

மாமியார் எழுந்து நடுவழியாக நடந்து வந்தார். எழுதினது நான் என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொன்னார். கடைசி பெஞ்சுக்கு வந்ததும் மருமகள் எதிரில் நின்றார். இரண்டு வாரத்துக்கப்புறம் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பேசின் எங்கம்மா இருக்கு?"

"வீட்டுல, அத்தை. ரெண்டு இருக்கு."

"ரெண்டு போதாது."

சபை விருந்துகளுக்குச் சமைக்கிற பின்கட்டுக்கு அவர் போனார். அகன்ற அலுமினியப் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு ஒரு பள்ளி ஆசிரியை எழுந்தார். அப்புறம் ஒரு தபால்காரர். அப்புறம் யார் முதலில், யார் பின்னால் என்று சொல்ல முடியாதபடி பெஞ்சுகள் காலியாயின.

*

அவர்கள் பாட்டுப் பாடவில்லை. வெள்ளை உடுப்பில், கையில் பாத்திரங்களும் துண்டுகளும் தண்ணீர்க் குடங்களுமாக, கடைத்தெருவின் நடுவே சும்மா நடந்தார்கள். அந்த ஊர்வலத்தைச் சந்தை முனையில் முதலில் பார்த்தவர் ரேடியோ. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஆளிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாருப்பா செத்தது?"

யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கொஞ்சம் குழப்பமாகவே இருந்தது. துண்டைத் திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார்.

மாமனாரின் அங்கி விளிம்பு சேற்றில் புரண்டது. அவர் தூக்கிப் பிடிக்கவில்லை. வெங்காய லாரியின் எதிரில் போய் நின்றார். மணி பத்தேகால். நூறு மூட்டையோடு பலகையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார், பார்த்தும் நிற்கவில்லை. மூட்டையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, நிதானமாகத் திரும்பி வந்தார்.

"நான்தாங்க அதை வாசிச்சது," என்றார் மாமனார். "உங்களைக் கேக்காம வாசிச்சேன். தப்பு. என்னை மன்னிக்கணும்."

மேடையில் அவ்வளவு பெரிதாகக் கேட்கிற குரல், அங்கே லாரி எஞ்சின் உறுமலில் பாதி அமுங்கிப்போனது. நூறு அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சேறு படிந்த விளிம்பில் கண் கொஞ்ச நேரம் தங்கியது.

"ஐயா, நீங்க அன்னிக்கு மைக்ல சொன்னீங்க. இன்னிக்கு வாயால சொல்றீங்க. பின்னால நிக்கறவனுக்குக் கேக்குமா இது?"

அவர் விரல் காட்டிய திசையில் எல்லாரும் பார்த்தார்கள். சந்தையின் நடுவே, லாரி நம்பர் கூப்பிடுகிற தகரக் கூண்டு. அதன் தலையில் நாலு பக்கமும் நாலு ஒலிபெருக்கிகள்.

சபைக்கு முன்னால் தலைகுனிவது ஒன்று; ஊர்ச் சந்தை முழுக்கக் கேட்கத் தலைகுனிவது இன்னொன்று. நாளைக்கே கடைக்குக் கடை இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மாமனாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கே இல்லை. கூண்டின் இரும்பு ஏணியில், அங்கியை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது.

கூண்டில் இருந்தவர், பேசிவிட்டு மைக்கை அணைத்துவிடுங்கள், போன தடவை யாரோ அணைக்காமல் போய் என் சண்டையெல்லாம் சந்தைக்குக் கேட்டது என்று சொல்லிக்கொடுத்தார். அந்த அறிவுரையும் நாலு திசையிலும் கேட்டது. அப்புறம் ஒரு கரகரப்பு. அப்புறம் மாமனாரின் குரல்.

"நான் இந்தக் கடைத்தெருச் சபையோட போதகர். இங்க வேலை செய்யற ஒருத்தர் நம்பிச் சொன்னதை, அவரைக் கேக்காம ஊரறியச் சொன்னேன். அதனால அவர் வேலை போச்சு. அவர் வேலையில ஒரு நாளும் குறை வச்சதில்ல. குறை என் வாயில. இனிமே எங்க சபையில யாரோட சங்கதியும் அவங்களைக் கேக்காம வாசிக்கமாட்டோம். அந்த மனுஷர்கிட்டயும், இங்க எங்களை நம்பிக் காலை நீட்டின அத்தனை பேர்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

ஒரு லாரியின் எஞ்சின் நின்றது. இன்னொன்று நின்றது. தராசுகள் நின்றன. காய் எறிந்துகொண்டிருந்தவர்கள் கையிலேயே காயை வைத்துக்கொண்டு நின்றார்கள். சந்தையில் அப்படி ஒரு அமைதியை அங்கே முப்பது வருஷம் இருந்தவர்களும் கேட்டதில்லை. அந்த அமைதி முடிந்துவிடக்கூடாதே என்றுகூட மருமகள் ஒரு கணம் நினைத்தாள்.

நூறு ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அதில் உட்கார்ந்தார். சணல் கயிற்றின் முடிச்சை அவரே அவிழ்த்தார்.

"வாங்க சிஸ்டர்," என்றார்.

அவள் சேற்றில் முழங்காலிட்டாள். பிளாஸ்டிக் பையை உரித்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் கை நிற்கவில்லை. கழுவினாள், துடைத்தாள், ஓரங்களை அழுத்திப் பார்த்தாள். ஆழம் இருந்தது. எலும்பைத் தொடவில்லை என்றே தோன்றியது. கால்விரல் நுனியில் இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூடு அவள் கைவழியாக ஏறி, கண்வரை வந்தது.

"விரல் போயிடுமா சிஸ்டர்?"

"இன்னிக்கே என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தா போகாதுன்னுதான் நினைக்கறேன். நாளைக்கு வந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

நூறு தலையைத் தூக்கிக் கூட்டத்தைத் துழாவினார். தேடியது மூப்பரை. கஞ்சிச் சட்டைக்காரர் மூன்று தலைக்குப் பின்னால் நின்றிருந்தார். ஆட்கள் தாமாக விலகி வழிவிட்டார்கள். இனி வராமல் இருக்க முடியாது. வந்தார். நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றார். குதிகாலைக் கொஞ்சம் பிடியுங்கள் ஐயா, கட்டுப் போடணும் என்று மருமகள் வேலை நினைப்பில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. மூப்பர் குந்தி உட்கார்ந்து, தன் கூலியாளின் குதிகாலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். சட்டைக் கை மஞ்சளாக நனைந்தது.

"உன்னை ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணிட்டேன்," என்றார் தாழ்ந்த குரலில்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா முதலாளி?"

"என்ன?"

"எடை மேடையில உக்கார வைங்கன்னு சொல்லியிருப்பேன். அங்க இருக்கறவருக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு தினமும் நீங்கதானே திட்டறீங்க."

சிரிப்பு வெடித்தது. எடை மேடைக்காரரே சிரித்தார்; தன்னைச் சொல்கிறார்கள் என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அவரைப் பில் மேசைக்கு மாற்றிவிடலாம், கட்டு அவிழ்த்ததும் நீ வா என்று மூப்பர் சொன்னார். ரேடியோ கூட்டத்திலிருந்து, மிகவும் மரியாதையாக, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மைக்."

மூப்பர் அவரை முறைத்தார். முறைத்துவிட்டு எழுந்து, கூண்டு ஏணியில் ஏறினார். கிழங்கு மண்டியின் எடை மேடை வேலை இன்றிலிருந்து நூறுக்கு என்று நாலு ஒலிபெருக்கிகளும் சொன்னபோது, சந்தையில் எழுந்த விசிலில் கூரைமேல் இருந்த காக்கைகளெல்லாம் கலைந்தன.

அதற்கப்புறம் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அன்று வரிசை பூசணிக் குவியலைச் சுற்றி வளைந்தது. மருமகள் ஓடி ஓடிச் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், மரத்த காலுக்குச் சூடு தெரியாது. புண் இருந்தால் ஊறவைக்காதீர்கள். விரல் இடுக்கில் ஈரம் விடாதீர்கள். ஆசிரியை கழுவினார், தபால்காரர் கழுவினார். ஏணியிலிருந்து இறங்கிய மாமனார் ஒரு பாத்திரத்தின் எதிரில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

மாமியாரிடம் வந்து வாய்த்தது ரேடியோ. கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, கூச்சமாக இருக்கிறதம்மா என்று நெளிந்தார். எனக்கும்தான் இருக்கிறது, நீட்டுப்பா என்றார் மாமியார். நீட்டினார்.

"அம்மா, எனக்கு மூலம்னு மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க. விளையாட்டுக்குச் சொன்னதில்ல அது."

"நான் எழுதறதை விட்டுட்டேன்பா. அந்தக் காலையும் குடு."

மருமகள் அதைக் கேட்டாள். ஒரு வருஷமாக அவள் மனசுக்குள் ஒரு படம் இருந்தது. கட்டடத்தை அங்கேயே விட்டுவிட்டு சபை மட்டும் எழுந்து இங்கே நடந்து வருகிற படம். வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை; கேட்டால் உடைந்துவிடும் என்று பயம். இப்போது அந்தப் படம் சோப்பு நுரையும் சேறுமாகக் கண்ணெதிரே இரைந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மாமியார் நிமிர்ந்து பார்த்தார். ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, பேஷண்டை வைத்துக்கொண்டு என்ன வேடிக்கை, கிளம்பு என்றார்.

*

பதினோரு மணிக்கு வெங்காய லாரி நூறு இல்லாமல் கிளம்பியது. நூறு கிழங்கு மண்டியின் சின்ன வண்டியில், முன்சீட்டில், கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மருமகள் நடுவில். வண்டி ஓட்டியது மூப்பரே. டிரைவர் கால் கழுவும் வரிசையில் நிற்பதாகவும், இடத்தை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் அவர் சலித்துக்கொண்டார். சலிப்பில் சிரிப்பும் கலந்திருந்தது.

சந்தை வாசலில் எதிரே ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. இரண்டில் ஒன்று ஒதுங்கினால்தான் வழி. காரின் பின்கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்தவரைப் பார்த்ததும் மூப்பரின் கை ஸ்டியரிங்கிலிருந்து தானாக நழுவியது.

ஐம்பது சபைகளுக்குத் தலைவர். சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆராதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். எந்தப் போதகர் எந்தச் சபையில் இருக்கலாம், யார் பெட்டியைக் கட்ட வேண்டும் என்பது அவர் பேனாவில் இருந்தது. மருமகள் அவரை ஒரே ஒரு தடவை தூரத்தில் பார்த்திருக்கிறாள். அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு எதிர்ப்பட்ட ஜன்னலில் இருந்தது நூறு. அதனால் அவரிடமே கேட்டார். கோயில் திறந்து கிடக்கிறது, ஒரு ஆளைக் காணோம், எல்லாரும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் போனதாகச் சொல்கிறார்கள். அந்தச் சபையை எங்கேயாவது பார்த்தீர்களா?

மருமகள் வாயைத் திறப்பதற்குள் நூறு ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"நம்ம சபையா? நேரா போங்க ஐயா. பூசணிக் குவியலுக்கு அந்தப் பக்கம். ஷூவைக் கழட்டி ஓரமா வச்சிட்டு வரிசையில உக்காருங்க. போதகர் ஐயாவே கழுவி விடுவார்."

தலைவர் நூறின் காலில் இருந்த புதுக் கட்டைப் பார்த்தார். அதைத் தாண்டி, சேறு அப்பிய உடுப்போடு இருந்த மருமகளைப் பார்த்தார். மூப்பரின் சட்டைக் கையைப் பார்த்தார். கண்ணாடி மெதுவாக ஏறியது.

நம் கதை முடிந்தது என்று மூப்பர் முணுமுணுத்தார். திரும்பிப் போய் மாமாவிடம் சொல்லிவிடலாமா என்று மருமகளுக்கு ஒரு கணம் தோன்றியது. கைக்கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அந்தக் கால் காத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்க ஐயா," என்றாள்.

வண்டி ஓரமாக ஒதுங்கிக் காரைத் தாண்டியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் பார்த்தாள். கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அதன் பின்கதவு திறந்தது. பளபளக்கும் ஒரு கறுப்பு ஷூ வெளியே வந்து, வாடிய முட்டைக்கோஸ் இலையின்மேல் தயங்கியபடி இறங்கியது.

அதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.